பவர் ஸ்டியரிங்கும் விரல் நனையும் விதியும்

போன மாதம் என் மாப்பிள்ளை புதுக் கார் வாங்கினார். ஸ்டியரிங்குக்கு உதவ உள்ளேயே ஒரு மோட்டார் இருக்கிறதாம். சுண்டு விரலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக் காட்டி, "மாமா, உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாப்பிள்ளை மேல் எரிந்து விழ முடியுமா? "நல்லா இருக்குங்க" என்று சொல்லி ஒரு லட்டையும் வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி மட்டும் மனசில் கிடந்து அரித்தது. ஏது என்றா கேட்கிறார்? ஊரில் லாரிக்காரன் ஒவ்வொருவனும் எழுந்து நின்று ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்பிய காலத்திலேயே என் கையில் ஒரு பவர் ஸ்டியரிங் வண்டி இருந்தது ஐயா. அது ஒரு மனிதனின் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைப் பற்றி நாலு வரி போதும். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அப்பாவுக்கு செகந்தராபாத்தில் ரயில்வே பட்டறை வேலை. நான் சனத்நகரில் ஒரு பட்டறையில் லாரி ரிப்பேர் கற்றேன். கற்றேன் என்றால், ஸ்பானரால் அடி வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ராமச்சந்திராபுரத்தில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில், அதன் போக்குவரத்து ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். கம்பெனி பஸ், கம்பெனி கேன்டீன், கம்பெனி ஆஸ்பத்திரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் தினமும் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்.

தொழிற்சாலைக்கு மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பிக்-அப் வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்க வண்டி. முன்னால் மூக்கு நீளம், பின்னால் திறந்த தொட்டி, யானைக்குட்டி கனம். அதில்தான் பவர் ஸ்டியரிங் இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் சுற்றும்போது ஒரு பெல்ட் மூலமாக ஒரு பம்ப் சுற்றும். அந்தப் பம்ப் எண்ணெயை அழுத்தி ஸ்டியரிங் பாக்ஸுக்கு அனுப்பும். நாம் சக்கரத்தை லேசாகத் திருப்பினால் போதும், மிச்ச பலத்தை எண்ணெய் கொடுக்கும். பம்பின் தலையிலேயே எண்ணெய்க்கு ஒரு டப்பா, அதற்கு ஒரு மூடி. அவ்வளவுதான் சமாச்சாரம். பெல்ட் நழுவினாலோ எண்ணெய் போனாலோ அந்த பலம் அப்படியே நின்றுவிடும். அப்போது அந்த வண்டியைத் திருப்புவது ஆட்டுக்கல்லைத் திருப்புவது மாதிரி.

அந்த வண்டி ஆண்டனியின் பொறுப்பில் இருந்தது. ஆண்டனி போவன்பள்ளியில் குடியிருந்த தமிழ்க் கத்தோலிக்கர். அவர் தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம். தமிழும் தெலுங்கும் தக்கனி இந்தியும் ஒரே மூச்சில் பேசுவார். ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார். டூட்டியிலேயே ஒரு தடவை பிடிபட்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஒரு ஈஸ்டரோடு விட்டவர் விட்டவர்தான். குடியில் வைத்திருந்த ஆசை முழுவதையும் அந்த வண்டி மேல் திருப்பிவிட்டார். காலையில் வந்ததும் பானெட்டைத் திறந்து பனியன் வேஸ்ட் துணியால் எஞ்சினைத் துடைப்பார் பாருங்கள், பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்.

எங்கள் ஷெட்டுக்கு மேலதிகாரியாக இருந்தவர் சிதம்பரம் சார். திருநெல்வேலிக்காரர். என்னைவிட வயதில் சின்னவர், படித்த இன்ஜினியர். ஆனாலும் என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் எனக்குப் பிடித்ததும் எரிச்சல் மூட்டியதும் ஒரே குணம்தான். வண்டி வந்து நின்றால் யாரையும் ஸ்பானரைத் தொட விடமாட்டார். காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். ஓட்டியவரை எதிரே நிறுத்திக் கேட்பார். எப்ப வருது? எப்ப வரல? கடைசியா யாரு கை வச்சது? எனக்கோ கை துறுதுறுவென்று வரும். "சார், தொறந்து பார்த்தா தெரிஞ்சிடப் போகுது" என்பேன். "இரிங்க அண்ணாச்சி. வண்டி எங்கயும் ஓடிறப் போறதில்ல" என்பார்.

ஒரு தடவை அந்தப் பிக்-அப் இடது பக்கம் மட்டும் கனமாகத் திரும்புகிறது என்று வந்தது. நான் ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றியே தீருவேன் என்று நின்றேன். அவர் கேட்டுக் கேட்டு, முந்தின நாள் ஒரு டயர் மாற்றிய விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். காற்றைப் பார்த்தால் பாதிகூட இல்லை. காற்றடித்தோம், வண்டி போயிற்று. நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம்தான், பிறகு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டேன்.

இனி அந்த விதிக்கு வருகிறேன். எங்கள் போக்குவரத்து மேனேஜர் ராவ் சார், தெலுங்கர். கறார் பேர்வழி. அவர் வந்த புதிதில் ஒரு லாரி, எஞ்சினில் எண்ணெய் இல்லாமல் ஓடி நட்டநடு ரோட்டில் இறுகிப்போய் நின்றது. டிரைவர் ஒருவன் மேல் பழி போட, அவன் இன்னொருவன் மேல் போட, மேனேஜருக்கு மேலிடத்தில் செம டோஸ். அன்றைக்கே ஷெட்டில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு விதி போட்டார். ஒருவர் வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது, வாங்குகிறவர் மூடிகளைத் திறந்து விரலை விட்டுப் பார்க்க வேண்டும். விரல் நனைய வேண்டும். நனையாவிட்டால் சாவியை வாங்கக் கூடாது.

ரேடியேட்டருக்கு அது அருமையான விதி. தண்ணீர் விளிம்பு வரை இருந்தால் விரல் நனையும். எஞ்சின் ஆயிலுக்குக் குச்சி இருக்கிறது, அதைக் குச்சியாலேயே பார்த்தார்கள். மற்ற எல்லா டப்பாவுக்கும் விரல்தான். கொஞ்ச நாளில் அது விதி என்பது போய் வழக்கமாகிவிட்டது. எதையும் விளிம்பு வரை நிரப்பாமல் கொடுப்பது அவமானம். "க்யா ஆண்டனி, விரலே நனையல?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் போச்சு, அன்று முழுக்க ஆண்டனி முகம் இஞ்சி தின்ற மாதிரி இருக்கும். ரிப்பேருக்கு என்னிடம் வரும் வண்டிக்கும் அதே மரியாதை. முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவார்கள், பிறகு எல்லாவற்றையும் நிரப்புவார்கள், அப்புறம்தான் என் கைக்கு வரும்.

சம்பவம் நடந்தது ஒரு சித்திரை வெயிலில். ஆண்டனி சனத்நகர் போய், அங்கே லேத்தில் கடைசல் பிடிக்கக் கொடுத்திருந்த இரும்பு உருப்படிகளைத் தொட்டி நிறைய ஏற்றிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தார். கேட்டுக்குள் நுழைந்ததும் எடை மேடைக்கு இடதுபுறம் ஒடித்துத் திருப்ப வேண்டும். வண்டி திரும்பவில்லை. நேரே போய்க் காவல் அறையின் தூணில் மோதியது. வண்டிக்கு முன் பம்பர் நசுங்கியதோடு சரி. தாவிக் குதித்த காவலாளிக்குக் கை முறிந்தது. அவர் வலியில் கத்தியது, "பீகே சலாயா சாலா" என்று. குடித்துவிட்டு ஓட்டினான் என்று. அது காற்றில் பரவியது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் காவலாளியின் கையைப் பார்த்தார்கள். ஆண்டனியை நிறுத்தி ஊதிக் காட்டச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பழைய மன்னிப்பு மட்டும் எல்லோர் நினைவுக்கும் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியில் கோளாறு இல்லை என்று ஷெட் சொல்லிவிட்டால் வேலை போகும். கோளாறு இருக்கிறது என்றால் பிழைப்பார். அதாவது, முடிச்சு என் கையில்.

வழக்கப்படி கழுவி நிரப்பி வண்டியை என்னிடம் விட்டார்கள். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்தேன். மூட்டுகளில் ஆட்டம் இல்லை. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினேன். இறுக்கம் சரி. எண்ணெய் நிறைய இருக்கிறது. ஹோஸ்களில் கசிவு இல்லை. எஞ்சினை ஓடவிட்டு இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பினேன். வெண்ணெய் மாதிரி திரும்பிற்று. சிதம்பரம் சார் தொழிற்சாலையின் ஹைட்ராலிக் பிரிவிலிருந்து அழுத்தமானி கொண்டுவந்து பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே மாட்டினார். முள் போய் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. மறுநாள் காலையிலும் பார்த்தோம். அதே கதை. சனியன் பிடித்த வண்டி, ஒரே ஒரு தடவை முரண்டு பண்ணித் தொலையக் கூடாதா!

மேனேஜர் வந்து கேட்டார். "பண்டி ஓக்கேயா?" சிதம்பரம் சார், "இன்னும் பாத்து முடியல சார்" என்றார். "இன்னும் என்ன பாக்கணும்?" "ஓட்டினவரை இன்னும் கேக்கல சார்." மேனேஜர் முகம் சுளித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சஸ்பெண்ட் ஆனவர் கேட்டுக்குள் வரக் கூடாது. ஆகையால் நாங்கள்தான் ஞாயிற்றுக்கிழமை போவன்பள்ளிக்குப் போனோம். மார்க்கெட்டைத் தாண்டிச் சின்ன வீடு. ஆண்டனி தாடி முளைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா காபி கொண்டுவந்து டக்கென்று வைத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். குடித்துவிட்டு வேலையைத் தொலைத்தான் என்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், நான் குடிக்கல. சாமி சத்தியமா குடிக்கல" என்று ஆரம்பித்தார் ஆண்டனி.

"அத நான் கேக்கல. ஸ்டியரிங்கப் பத்திச் சொல்லுங்க. அன்னைக்கி மட்டுந்தான் இறுகிச்சா?"

"இல்ல சார். முன்னாலயும் இருந்துச்சு. காலைல ஏக்தம் நல்லா இருக்கும். மத்தியானம் லோடோட வர்றப்ப கீச்சுனு ஒரு சத்தம், அப்புறம் கல்லு. கொஞ்ச தூரம் போனா சரியாய்டும். ஷெட்ல சொன்னேன். ஆயில் ஊத்து, அவ்ளோதான்னாங்க. ஹவ், சரின்னு ஊத்திக்கிட்டேன்." பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மாணிக்கண்ணே, எனக்கே சந்தேகமா இருக்கு. இறுகினது ஸ்டியரிங்கா, இல்ல என் கைதான் ஓஞ்சுபோச்சா? குடிச்ச ஒடம்பு. எப்ப காலை வாரும்னு யாருக்குத் தெரியும்?"

வேலை போவது ஒரு பக்கம். ஒரு டிரைவருக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

சிதம்பரம் சார் அசரவில்லை. "காலைல வந்ததும் என்ன செய்வீங்க?" "தொடைப்பேன் சார். பெல்ட்டு, பம்ப்பு எல்லாம். அப்புறம் ஆயில் பாப்பேன். விரல் நனையற வரைக்கும் ஊத்துவேன்." "தெனமும் ஊத்தணுமா?" "தெனமும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கும் சார்."

சார் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, கசிவே இல்லன்னு சொன்னீங்க. தெனமும் கொறையுற எண்ணெய் எங்க போவுது?"



திங்கட்கிழமை அதே உருப்படிகளை அதே தொட்டியில் ஏற்றினோம். எண்ணெயை விரல் நனைய நிரப்பினோம். நான் ஓட்ட, சார் பக்கத்தில். சனத்நகர் போய், அங்கே கொஞ்சம் நிறுத்தி, உச்சி வெயிலில் திரும்பினோம். ஷெட் முன்னால் ஒடித்துத் திருப்பினேன். கீச்! சக்கரம் என் கையில் அப்படியே நின்றது. பயத்தில் வியர்த்துவிட்டது. அடுத்த கணம் சந்தோஷத்தில் கத்தினேன், "சார், புடிச்சாச்சு!" துடைக்க ஓடி வந்தவனை, "கை வைக்காத, நக்கோ!" என்று விரட்டிவிட்டுப் பானெட்டைத் திறந்தேன்.

பம்ப் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. பெல்ட் பளபளவென்று நனைந்திருந்தது. சார் கைக்குட்டையால் அந்த டப்பாவின் மூடியைப் பிடித்துத் திருகி எடுத்தார். மூடியின் அடியில் விரலைவிட நீளமாய் ஒரு தகடு. அதைத் துடைத்து என்னிடம் நீட்டினார். இரண்டு கோடுகள். ஒன்று எண்ணெய் ஆறியிருக்கும்போது, மற்றது சூடாக இருக்கும்போது. இரண்டுமே விளிம்புக்கு எவ்வளவோ கீழே இருந்தன. விரல் எட்டாத ஆழம். விரல்தான் கணக்கு என்று ஆனபிறகு அந்தத் தகட்டின் கோடுகளை ஷெட்டில் ஒருவரும் கவனித்ததே இல்லை.

"எண்ணெய் கொறைஞ்சு வந்த சீக்கு இல்ல இது அண்ணாச்சி. கூடிப்போயி வந்த சீக்கு" என்றார்.

பிறகு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. விளிம்பு வரை ஊற்றிய எண்ணெய் சூட்டில் பொங்கி, மூடியில் காற்று போக விட்டிருந்த துளை வழியாக வெளியே வழிகிறது. பெல்ட்டில் படுகிறது. வண்டி மெதுவாக, பாரத்தோடு, முழுசாகத் திரும்பும்போதுதான் பம்புக்கு அதிக பலம் வேண்டும். சரியாக அந்த நேரத்தில் பெல்ட் வழுக்குகிறது. மறுநாள் காலையில் ஆண்டனி எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்குகிறார். வழிந்து குறைந்ததை மறுபடி நிரப்புகிறார். நாங்கள் பரிசோதித்ததோ, கழுவித் துடைத்த, ஆறிப்போன வண்டியை. எப்படித் தெரியும்?

இதை யார் மேனேஜரிடம் சொல்வது? விதி அவருடையது. விசாரணையும் அவருடையது. உன் விதிதான் தூணில் மோதியது என்று சொன்னால் மனிதர் கேட்பாரா? நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். சார் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "நீங்க சொன்னா சண்டை வந்துரும்" என்றார். அது உண்மைதான்.

அவர் மேனேஜரிடம் போய் விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "சார், நாளைக்கி நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க. சனத்நகர் போய் வரணும். திருப்பத்துல மட்டும் மெதுவா வாங்க, ஸ்டியரிங் இறுகும்" என்றார். மேனேஜர் சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. மறுநாள் விரல் நனைய நிரப்பி, பாரத்தோடு கொடுத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகும்போது, "பாகுந்தி, பாகுந்தி" என்று சொல்லிக்கொண்டே போனார். நன்றாகத்தானே இருக்கிறது என்று குத்திக் காட்டுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்தார். காவல் அறையிலிருந்து ஆட்களை முன்பே விலக்கியிருந்தோம். எடை மேடைக்கு ஒடித்தார். கீச்சென்றது. மேனேஜர் இரண்டு கையாலும் இழுத்தார், சீட்டிலிருந்து எழும்பி இழுத்தார், அசையவில்லை. பிரேக்கை மிதித்தார். தூணுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

இறங்கினார். உள்ளங்கை சிவந்திருந்தது. தானே பானெட்டைத் தூக்கினார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். சிதம்பரம் சார் மூடியைக் கழற்றித் தகட்டைக் காட்டினார். மேனேஜர் இரண்டு கோடுகளையும் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். எண்ணெய் பட்ட தன் விரலையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆ ரூல் நேனே பெட்டானு கதா" என்றார். அந்த விதியை நான்தானே போட்டேன் என்று. அதுவரை அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த எனக்கே பாவமாகப் போயிற்று. அன்றே விதியை மாற்றினார். தகடோ குச்சியோ இருக்கும் டப்பாவில் விரல் கூடாது. அன்றே ஆண்டனியின் சஸ்பெண்டையும் ரத்து செய்தார். காவலாளியின் வீட்டுக்கும் தானே போய்ப் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் பெல்ட்டை மாற்றி, பம்பைக் கழுவி, எண்ணெயைக் கீழ்க்கோடு வரை மட்டும் ஊற்றினேன். ஏலம் போகும் வரை அந்த ஸ்டியரிங் மக்கர் பண்ணவில்லை.

விஷயத்தைச் சொல்லச் சாயங்காலமே கம்பெனி பஸ் பிடித்துப் போவன்பள்ளி போனேன். ஆண்டனி பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாதான் கதவைத் திறந்தார். இந்த அம்மாவின் மனசை முதலில் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நின்ற வாக்கிலேயே பம்ப், பெல்ட், எண்ணெய், கோடு எல்லாவற்றையும் விளக்கினேன். "தப்பு அவன் மேல இல்லம்மா. அவன் அன்னிக்குக் குடிக்கவே இல்ல. நாங்க கண்டுபுடிச்சிட்டோம்" என்று முடித்தேன்.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க இப்பத்தான் கண்டுபுடிச்சீங்களா அண்ணே? அவரு குடிய விட்ட நாள்லருந்து தெனம் வாசப்படியிலயே நிறுத்தி வாயை மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவேன். அன்னிக்கும் பாத்தேன். ஒண்ணுமில்ல. உங்க ஃபேக்டரில யாராச்சும் என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இங்க வந்து காபி குடிச்சீங்க. அப்பகூடக் கேக்கலியே."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நாளைக்கு டூட்டிதானே?" என்றார் ஸ்டெல்லா. "காக்கிச் சட்டை தோச்சு இஸ்திரி போட்டு ஆணியில மாட்டியிருக்கு. சஸ்பெண்டுன்னு வந்து நின்ன அன்னிக்கே போட்டுட்டேன்."